சாக்பீஸ் வட்டங்கள்

பழைய தேக்குத் தூண் ஒன்றைப் பார்க்க நேற்று ஒரு கடையில் குனிந்தபோது அரக்கு வாசம் வந்தது. உடனே மனம் காரைக்குடி பாய் கடைக்குப் போய்விட்டது. இடித்த வீடுகளின் தூண்களும் கதவுகளும் சாய்ந்து நின்ற, இன்று வண்டி நிறுத்துமிடமாகிவிட்ட அந்தக் கொட்டகையில், தச்சரான என் அப்பா கரையான் அரித்த துளைகளை மரத்தூளும் அரக்கும் குழைத்து அடைத்துக்கொண்டிருப்பார்.

அடைத்த இடம் விரலுக்கும் தெரியாது. ஆனால் பாய் ஒவ்வொன்றையும் அப்பாவிடமே கேட்டு, சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போடுவார். வாங்க வந்தவர்கள் வட்டத்தைப் பார்த்ததும் நகர்ந்துவிடுவார்கள்.

"இம்புட்டு வேலை பாத்ததையும் காட்டிக் கொடுக்குறீகளே பாய்," என்றார் அப்பா ஒருநாள்.

"உங்க கூலி ஹலால், ஆசாரி. குறையைச் சொல்லாம வித்தா என் காசு ஹராமாயிரும்."

மறுவாரம் பாய் கேட்கும் முன்பே அப்பாவே சாக்பீஸை எடுத்து வட்டமிட்டார்.

"பழுதே இல்லம்மா," என்றார் நேற்றைய கடைக்காரர். தூணை முழுக்கச் சுற்றிவந்தேன். அரக்கு வாசம் இருந்தது. வட்டம் எங்கும் இல்லை.