ஆஸ்பத்திரி மாலைக்குக் காத்திருந்தோம்

அண்ணே, ஏ அண்ணே. பேரச் சொல்லிக் கூப்ட்டா அம்மா வைவா, அதான் அண்ணேன்னே எழுதுதேன்.

எங்க அண்ணன் ஒரு அரசாஸ்பத்திரியில டயாலிசிஸ் மெஷினுக்கு ரிப்பேர் பாத்தான். எந்த ஊரு ஆஸ்பத்திரின்னு நான் இங்க சொல்லல. எங்க வீடு சங்கரன்கோவில், இங்கனருந்து பைக்ல போவான். ஆனா அவன் சர்க்கார் ஆளு இல்ல. கம்பெனி ஆளு.

"ஒன்னயவே வேலைக்கு எடுத்துக்கிட்டா என்னண்ணே?"ன்னு கேட்டேன்.

"ஏட்டி, இந்த வேலைக்கு இவ்வளவுதான் சம்பளம்னு வச்சிருக்காவ. அதுக்கு எவனும் வர மாட்டான். மேல குடுக்க ரூல் இல்ல. அதான் கம்பெனிட்ட விட்ருக்கு."

"கம்பெனிக்கு மட்டும் மேல குடுக்க ரூல் இருக்கோ?"

"ஒம்பதாங்கிளாசோட நின்னவ பேசுத பேச்சா இது?"ன்னு சிரிச்சான்.

அந்தச் சம்பளத்துக்கே வாரேன்னு அவனும் கேட்டுப் பாத்தான். இப்ப அந்தப் போஸ்டே இல்லன்னுட்டாவ.

அங்க ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர் செத்தப்போ ஆஸ்பத்திரியே கிளம்பிப் போயி மால போட்டுச்சாம். அண்ணன்தான் வந்து சொன்னான். அம்மா அத மனசுலயே வச்சிருந்திருக்கா.

பனவடலிசத்திரத்துக்கிட்ட பைக் சறுக்கி அண்ணன் போயிட்டான். கம்பெனிலருந்து ஒருத்தர் போன்ல வருத்தம் சொன்னாரு. அவ்வளவுதான். தூக்கப் போறப்போ அம்மா விடல.

"ஆஸ்பத்திரிக்காரங்க வரட்டும்."

"வெயில் ஏறுது மதினி, எம்புட்டு நேரம் போட்டு வைக்க?"ன்னு சித்தப்பா கேட்டாரு.

"எம்புள்ள அங்கனதான கெடந்தான். வருவாவ."

ஒருத்தரும் வரல. தூக்கிட்டாவ.

பதினாறு கழிஞ்சு அண்ணன் போன் அடிச்சுது. ஆஸ்பத்திரி நர்ஸ்.

"தம்பி, மெஷின் நின்னுட்டு. புதுசா வந்த பையனுக்குப் பிடிபடல. எப்ப வாரீங்க?"

"நான் தங்கச்சி பேசுதேன்க்கா. அண்ணன் தவறிட்டான்."

"யாருமே சொல்லலியேம்மா. லீவுன்னுல்லா நெனச்சோம்"னு அழுதாவ. கம்பெனி ஆளு செத்தா ஆஸ்பத்திரிக்குச் சொல்லணும்னு யாருக்கும் தோணல போல. எங்களுக்கும் தோணல. அவங்களுக்குத் தெரியும்னே இருந்துட்டோம்.

"வீட்டுக்கு வாரோம்மா, மால போட"ன்னாவ.

அம்மா போன வாங்குனா. "மால வேண்டாம் தாயி. அந்த மெஷின்ல படுத்திருக்கவங்ககிட்ட சொல்லு. எம்புள்ளைக்காக ஒரு வார்த்த சாமிகிட்ட கேக்கட்டும்"னா.

எனக்கும் அதுதான் தோணுது. இத வாசிக்குத எல்லாரும், உங்க சாமி எந்தச் சாமியானாலும் சரி, எங்க அண்ணனுக்காக வேண்டிக்கிடுங்க.