நூறாவது கண்ணி

கண்டியில் பழஞ்சாமான் கடை வைத்திருக்கும் ஹனீபா நானா, மூலையிலிருந்து ஒரு நில அளவைச் சங்கிலியை இழுத்தார். அந்தக் கிலுகிலுச் சத்தத்தில் என் ஐம்பது வயது முழங்கால்கள் எட்டு வயதுக்கே ஓடிவிட்டன. பழைய அளவுகருவிகள் சேர்க்கிற பள்ளிக்கூட வாத்தியார் நான். ஆனால் சங்கிலிக்குக் கிட்டப் போவதில்லை.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில் என் தகப்பன், ஐயா, இங்கே நில அளவையாளர். அவருடைய சங்கிலியில் நூறு கண்ணிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சாண் இரும்புக் கம்பி. வளையம் உருட்ட அதைவிட நல்ல கம்பி இல்லையென்று கண்டுபிடித்த விஞ்ஞானி நான். குறட்டால் ஒன்றைக் கழற்றி, மிச்சத்தைத் திரும்பக் கொளுவிவிட்டேன்.

அடுத்த நாள் வத்தேகமவில் காணி அளந்துவிட்டு வந்த ஐயா, தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"இஞ்சாருமப்பா, நான் போன வருசம் அளந்த காணி இப்ப வளர்ந்து நிக்குது! பக்கத்துக் காணிக்காரன் கத்தியோட நிக்கிறான். என்ரை வேலை போகப்போகுது."

சங்கிலி குட்டையானால் கணக்கில் காணி நீளும்; அம்மா பதில் சொல்லுமுன் நான் கட்டிலுக்குக் கீழே போய்விட்டேன். ஐயாவின் வேலை தப்பினால் நூறு தேங்காய் உடைப்பதாகப் பிள்ளையாருக்கு நேர்ந்தேன். நியாயத்துக்காகப் பிறகு தொண்ணூற்றொன்பது என்று திருத்தினேன்.

ஐயா கதிரையில் உட்கார்ந்து சங்கிலியைக் கண்ணி கண்ணியாக எண்ணத் தொடங்கினார். எண்பதில் என் காற்சட்டை நனைந்தது. தொண்ணூற்றொன்பதில் சத்தம் நின்றது.

"நூறாவது கண்ணி, கட்டிலுக்குக் கீழையிருந்து வெளியில வா."

மறுநாள் முழுக் காணியையும் திரும்ப அளந்தோம். ஐயாவின் வேலை தப்பியது. சங்கிலியின் மறுமுனையைப் பிடித்த என் கால்களை அட்டைகள் அளந்தன.

கடையில் ஹனீபா நானா தன் சங்கிலியை எண்ணி முடித்து நிமிர்ந்தார்.

"மாஸ்டர், இதுல ஒண்டு கொறயுதே?"

"சத்தியமா நான் எடுக்கேல்லை!" என்று கத்திவிட்டேன்.