மகளின் வாய்க்கு மூன்று ஷிஃப்ட்

இது என்னுடைய சிறுவயது நினைவு இல்லை, என் மகளுடையது. அப்போது அவளுக்கு ஒன்றரை வயதும் சில வாரங்களும் ஆகியிருந்தன. அவளுக்கு இதில் ஒன்றும் ஞாபகம் இருக்கப்போவதில்லை. அதனால் அவளுக்கும் சேர்த்து நான் நினைவு வைத்திருக்கிறேன். மறந்து தொலைக்கலாம் என்று பார்த்தாலும் முடியவில்லை.

'தானே' புயலுக்கு அடுத்த வருஷம் பிறந்தவள் அவள். எனக்குக் கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷம் கழித்து, முப்பத்தொன்பதாவது வயதில் பிறந்தாள். அவ்வளவு காத்திருந்தவள் பிள்ளையை வளர்ப்பதில்லை, காவல் காப்பாள். நான் கணக்கு டீச்சராக இருந்து வேலையை விட்டவள். தேர்வு அறையில் நிற்பதுபோல் தொட்டில் பக்கத்தில் நின்றேன்.

ஆறாவது மாதம் முடிந்ததும் திட உணவு ஆரம்பித்தேன். கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து, அரைத்து, வெள்ளைத் துணியில் இரண்டு முறை சலித்து எடுத்தேன். கிண்ணத்தையும் ஸ்பூனையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தேன். மகாராணி அதை வாயில் வாங்கி, ஒரு நிமிஷம் யோசித்து, என் புடவையில் துப்பினாள். பன்னிரண்டு நாள் இப்படியே போனது. குவார்ட்டர்ஸ் சுவரெல்லாம் கேழ்வரகு.

பதின்மூன்றாம் நாள் என் தம்பி கிண்ணத்தை வாங்கிக்கொண்டான். நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை அவனுக்கு. பெர்மனென்ட் ஆகும்வரை எங்களோடுதான் ஜாகை. குழந்தையை மடியில் வைத்து எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். பத்து நிமிஷத்தில் கிண்ணம் காலி.

"எப்படிடா?"

"கைராசிக்கா. உன் மூஞ்சியப் பாத்தா எனக்கே கஞ்சி எறங்காது, கொழந்தைக்கு எப்படி எறங்கும்?"

கைராசியின் ரகசியம் இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. வெல்லப்பாகு காய்ச்சி ஒரு சின்ன டப்பாவில் வைத்திருந்தான். ஒவ்வொரு வாய்க்கும் ஸ்பூன் நுனியை அதில் ஒரு முக்கு. அன்று அவனை நன்றாகத் திட்டினேன். ஆனால் குழந்தையின் கன்னம் அதற்குள் உப்பியிருந்தது, எடையும் ஏறியிருந்தது. திட்டினேனே தவிர, டப்பாவைத் தூக்கி எறியவில்லை.

எங்கள் வீட்டில் யாரும் சேர்ந்து சாப்பிட்டது கிடையாது. ஊரே ஷிஃப்ட்டுக்குச் சாப்பிடுகிற ஊர். அதே மைன்ஸில் கணவருக்கு ஒரு வாரம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், ஒரு வாரம் செகண்ட், ஒரு வாரம் நைட். தம்பிக்குக் கூப்பிடுகிற நேரமெல்லாம் வேலை. ஆளாளுக்குத் தங்கள் கடிகாரப்படி குழந்தைக்கு ஊட்டினார்கள். நான் அட்டவணை போட்டுப் பிரிட்ஜில் ஒட்டி, அதன்படி ஊட்டினேன். கணவர் வேலை முடிந்து வந்ததும் கைகால் கழுவிவிட்டு, சர்க்கரை போட்ட பாலில் பிஸ்கட் நனைத்துக் கொடுப்பார். தம்பி கிளம்பும்போது வாழைப்பழத்தைப் பிசைந்து, அதன் தலையில் பாகை ஊற்றி ஊட்டிவிட்டுப் போவான். தான் வருகிறவரைக்கும் பிள்ளை பட்டினி கிடந்ததாக ஒவ்வொருவருக்கும் நினைப்பு.

"இப்பதாங்க சாப்ட்டா" என்பேன்.

"ஒரே ஒரு பிஸ்கட்டுதாம்மா. பாரு, கைய நீட்டிகினு நிக்குது" என்பார் கணவர். அவருக்கு ஊர் சேத்தியாத்தோப்புப் பக்கம், பேச்சும் அப்படித்தான்.

எட்டாம் மாதம் முதல் பல் முளைத்தது. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினோம். குட்டி பிரஷ் ஒன்று வாங்கினேன். வாங்கியதும் அதையும் கொதிநீரில் போட்டேன். நார் வளைந்துபோனது. போகட்டும், பஞ்சு மாதிரி ஈறு, பிரஷ் பட்டால் புண்ணாகும் என்று அப்படியே எடுத்து வைத்துவிட்டேன். பேஸ்ட்டை விழுங்கிவிட்டால் என்ன ஆவது என்று வேறு பயம். உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் பயந்தேன், பயப்பட வேண்டியதைத் தவிர.

மேல் பற்களில் ஈறோரமாகச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைக் கோடு விழுந்தது. பால் படிந்திருக்கிறது என்று நினைத்தேன். கோடு பழுப்பானபோது கணவரிடம் காட்டினேன்.

"பால்பல்லுதான, வுழுந்துடப்போவுது. வுழற பல்லுக்குப் போயி யாருனா பயந்துகினு இருப்பாங்களா?"

தம்பி ஒத்து ஊதினான். "மாமா சொல்றது கரெக்ட்டுக்கா. அது டெம்பரரிதான். பெர்மனென்ட் பின்னாடி வரும்."

அப்புறம் ஒரு காலை. மேலுதடு வீங்கி மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. உடம்பு கொதித்தது. தண்ணீரைக்கூட வாயில் வாங்காமல், அழக்கூடச் சக்தியில்லாமல் முனகினாள். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த கணவர் யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. தம்பியும் சேர்ந்துகொள்ள, ஆட்டோ பிடித்து, மெயின் பஜாரைத் தாண்டி ஒரு பல் டாக்டரிடம் போனோம்.

டாக்டர் சின்னப் பெண். என்னிடம் படித்த பிள்ளைகள் வயதுதான் இருக்கும். உதட்டை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். முன்பற்கள் நான்கில் நடு இரண்டும் உடைந்து பழுப்புக் குச்சிகளாக நின்றன. அவற்றுக்கு மேலே ஈறில் மஞ்சளாக ஒரு கொப்புளம்.

"சீழ் வச்சிருக்கு மேடம். இதுக்கு மேலதான் பெரிய பல்லோட மொட்டு இருக்கு. அது கெடலாம். இன்னும் விட்டா மொகத்துக்குள்ளயே பரவும். இந்த ரெண்டையும் எடுத்துடணும். பக்கத்துல இருக்கிற ரெண்டையும் காப்பாத்திப் பாக்கலாம்."

எனக்கு அதற்குமேல் கேட்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். பாகு டப்பா, பிஸ்கட், வாழைப்பழம் எல்லாவற்றையும் சாட்சி சொல்வதுபோல் ஒன்றுவிடாமல் சொன்னேன். "நான் ஒருத்தி சலிச்சுச் சலிச்சு ஊட்டறேன், இவங்க ரெண்டு பேரும் சேந்து என் பிள்ளை பல்லத் தின்னுட்டாங்க டாக்டர்!" கணவர் தலையைக் குனிந்துகொண்டார். தம்பி அழுதுவிடுவான் போலிருந்தது.

டாக்டர் ஒரு தாளில், குழந்தை வாயில் எது எந்த நேரத்தில் போகிறது என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். காலையிலிருந்து இரவுவரை பதினொரு தடவை வந்தது. தாளைக் கணவர் பக்கம் திருப்பினாள்.

"மைன்ஸ்லகூட மெஷின நிறுத்தி மெயின்டனன்ஸ் பாப்பாங்கல்ல சார்? இந்த வாய்க்கு அதுகூட இல்ல. ஒவ்வொரு தடவ இனிப்பு பட்டதும் பல் கொஞ்சம் அரிக்கும். நடுவுல இடைவெளி குடுத்தா எச்சிலே சரிபண்ணிடும். நீங்க இடைவெளியே குடுக்கல. பிரஷ்ஷும் பண்ணல."

கேட்கக் கேட்க எனக்குள் ஒரு வெற்றி. பிள்ளை தோளில் முனகிக்கொண்டிருக்கும்போது அப்படி ஒரு வெற்றி வந்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"ஊட்டறதுக்கு முன்னாடி சூடு யாரு பாக்கறீங்க?" என்று கேட்டாள் டாக்டர்.

"நான்தான். ஒவ்வொரு ஸ்பூனும் என் வாயில வச்சுப் பாத்துட்டுத்தான் குடுப்பேன். ஒரு தடவகூட நாக்கு சுட்டதில்ல." பெருமையாகத்தான் சொன்னேன்.

"கொஞ்சம் வாயத் தெறங்க மேடம்."

டார்ச் அடித்துப் பார்த்தாள். கடைவாயில் இரண்டு பற்கள் ஓட்டை. எனக்குத் தெரிந்த ஓட்டைகள்தான். பிள்ளை கொஞ்சம் பெரியவளாகட்டும் என்று ஒன்றரை வருஷமாகத் தள்ளிப்போட்டவை.

"பொறக்கும்போது கொழந்த வாயில பல்ல அரிக்கிற கிருமி இருக்காது மேடம். வீட்டுல இருக்கிறவங்க எச்சிலேருந்துதான் போகும். பெரும்பாலும் அம்மாகிட்டேருந்து." அவள் கடுமையாகச் சொல்லவில்லை. "கிருமி மட்டும் இருந்தாலும் இவ்ளோ ஆகாது. இனிப்பு மட்டும் இருந்தாலும் இப்படி ஆகாது. ரெண்டும் சேந்துடுச்சு."

கொதிக்கவைத்த ஸ்பூன். அதைக் கொதிநீரிலிருந்து எடுத்து நேராக என் வாயில் வைத்திருக்கிறேன், ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை.

திருப்பிக் கொடுக்கக் கணவருக்கு நல்ல சந்தர்ப்பம். அவரோ சுவரில் ஒட்டியிருந்த பல் படத்தை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பிதான், "எல்லாரையும்தான்க்கா சொல்றாங்க" என்றான். அந்தப் பரிவு எனக்கு எரிச்சலாக இருந்தது. பேசாமல் திட்டியிருக்கலாம்.

மருந்து கொடுத்து வீக்கம் வடிந்தபிறகு, ஐந்தாம் நாள் பல்லை எடுத்தார்கள். டாக்டரும் நானும் முழங்காலோடு முழங்கால் ஒட்ட எதிரெதிரே உட்கார்ந்தோம். குழந்தையின் தலை அவள் மடியில், இடுப்பும் காலும் என் மடியில். கைகளை நான் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்துக்கொண்டேன். ஊசி போட்டபோது என் விரலை இறுக்கிக்கொண்டு என்னையே பார்த்து அலறினாள். வேறு யாரைப் பார்ப்பாள்? இரண்டு பற்களும் டிரேயில் விழுந்தபோது குருணை அரிசி அளவுகூட இல்லை. மற்ற இரண்டையும் சுரண்டி, மருந்து வைத்து அடைத்தார்கள். உள்ளே இருக்கும் பெரிய பற்கள் எப்படி வரும் என்பது ஆறேழு வயதில்தான் தெரியுமாம். அதுவரை தினமும் நான் அவள் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வீட்டில் சட்டம் மாறியது. யார் எந்த ஷிஃப்ட் முடித்து வந்தாலும் பிள்ளைக்கு ஒரே சாப்பாட்டு நேரம். நடுவில் தண்ணீர் மட்டும். அரிசி மணி அளவு பேஸ்ட், காலையும் இரவும் பிரஷ். பாகு டப்பாவைத் தம்பியே குப்பையில் போட்டான். நான் என் ஓட்டைகளை அடைத்துக்கொண்டேன். சூட்டை மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கப் பழகினேன்.

ஈறு ஆறியபிறகு முதல்முறையாகப் பருப்புச்சோறு குழைத்து எடுத்து வந்தேன். மதியம். கணவர் பக்கத்தில் இருந்தார். மணிக்கட்டில் சூடு பார்த்து, ஸ்பூனை அவள் வாயருகே கொண்டுபோனேன். உதட்டை இறுக்கிக்கொண்டாள். இன்னும் வலிக்கிறதோ என்று பதறினேன். அவள் ஸ்பூனைப் பிடித்து என் வாய்க்குத் தள்ளினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மடியில் ஏறி நின்று, என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, முன்பல்லில்லாத வாயைத் திறந்து, "ஆ... ம்மா, ஆ" என்றாள்.

"உன்னச் சாப்புடச் சொல்லுது. மொதல்ல நீ வாங்கினாத்தான் அது வாங்குமாம்" என்று கணவர் சிரித்துக்கொண்டே எழுந்துபோய், எனக்கென்று வேறொரு ஸ்பூன் கொண்டுவந்தார். அதில் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கு அது போதவில்லை. நான் எச்சில்படுத்திய அந்த ஸ்பூனைத்தான் எட்டிப் பிடித்துத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள். வெடுக்கென்று பிடுங்கிவிட்டேன்.

அம்மா சாப்பிட்டுவிட்டுத் தருவதுதான் சோறு. பிறந்து இத்தனை நாளில் அவள் அறிந்தது அது ஒன்றுதான். வெறும் கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கைகளைப் பிடித்துக்கொண்டு பல் பிடுங்க வைத்த அன்றுகூட அவள் என்னை அப்படிப் பார்க்கவில்லை.