சீட்டில் விழாத ஆறு வீடுகள்

என் அண்ணனைப் பற்றி யாராவது நல்லவிதமாகப் பேசினால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். கெட்டவன் என்று சொல்லவில்லை. என்னைக் கல்லூரியில் சேர்க்கச் சொல்லி அப்பாவோடு மல்லுக்கு நின்றவனே அவன்தான். அதனால்தான் எரிகிறது. ஆகாதவன் செய்திருந்தால் போகிறான் போ என்று விட்டிருப்பேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சேலத்தில் விடுதியில் தங்கி, புள்ளியியல் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் மோகனூர்ப் பக்கம், கரும்பும் வாழையும் போடுகிற குடும்பம். எனக்கு முன்னால் எங்கள் வீட்டுப் பெண் யாரும் பத்தாவதைத் தாண்டியதில்லை. கிராமத்தில் ஒரு கள ஆய்வை ஒழுங்காகச் செய்து, இங்கிலீஷில் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தால், மெட்ராசில் எம்.எஸ்ஸி. சேர தானே சிபாரிசு செய்வதாக எங்கள் மேடம் சொல்லியிருந்தார். அப்பா சம்மதிக்க வேண்டுமே! அண்ணன் சொன்னால்தான் அப்பா கேட்பார். நீ ஆய்வை முடி, அப்பாவிடம் நான் பேசுகிறேன் என்றான். என் மேல்படிப்பு மொத்தமும் அவன் வாயில்தான் இருந்தது.

மேடம் இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே மாட்டார். ஆய்வுக்குரிய வீட்டை நாமாகப் பார்த்து எடுக்கக் கூடாது என்பது ஒன்று. தெரிந்த வீடு, ரோட்டோர வீடு, காபி கொடுக்கிற வீடு என்று போனால் அதற்குப் பெயர் ஆய்வில்லை, விருந்து என்பார். ஊரிலுள்ள எல்லா வீட்டு எண்ணையும் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுக்க வேண்டும். விழுந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். பூட்டியிருந்தால் இன்னொரு நாள் போகலாமே தவிர, பக்கத்து வீட்டுக்குள் நுழைந்துவிடக் கூடாது. இன்னொன்று அந்த இங்கிலீஷ். நான் போனேன், நான் கேட்டேன் என்று எழுதினால் சிவப்பு மையில் அடித்துவிடுவார். போகப்பட்டது, கேட்கப்பட்டது என்கிற மாதிரிதான் எழுத வேண்டும். தமிழ் மீடியத்திலிருந்து போன எனக்கு அந்த நடை லேசில் பிடிபடவில்லை. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக் கை வலித்தது.

எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டேன். எத்தனை ஏக்கர், கிணறு யாருடையது, மோட்டாரா ஆயில் எஞ்சினா, வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன வயது, என்ன படிப்பு, கல்யாணம் ஆயிற்றா. இவ்வளவுதான் என் கேள்விகள். அரிசி அளக்கிற படியில் சீட்டுகளைப் போட்டு நானே குலுக்கி, நாற்பது எடுத்தேன்.

ஊருக்குள் போனால் கதவு எண்கள் ஒரே குளறுபடி. பஞ்சாயத்து அடித்த பழைய எண் ஒன்று, புது எண் ஒன்று, மலேரியா மருந்தடிக்க வந்தவர்கள் சுவரில் கிறுக்கியது வேறு. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அண்ணனுக்கு அந்த ஊரில் நல்ல பழக்கம். லீவு நாட்களில் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போவான். நான் எண்ணைப் படிப்பேன், அவன் யாரையாவது விசாரித்துவிட்டு இதுதான் வீடு என்று கை காட்டுவான். கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போவேன்.

கூலி வேலைக்காரர் வீடுகளில் கணக்கு சீக்கிரம் முடிந்துவிடும். களை எடுத்துவிட்டு வந்த பெண்கள் நின்றபடியே, "எங்களுக்கு ஏதுங்க அம்முணி காடு தோட்டமெல்லாம்" என்பார்கள். அந்த நேரத்தில் அண்ணன் புளியமரத்தடியில் வண்டியோடு நிற்பான். சில வீடுகளுக்கு மட்டும் அவனும் கூடவே உள்ளே வந்தான். அங்கே நாற்காலி போட்டார்கள், வெள்ளி டம்ளரில் காபி வந்தது. நான் ஒரு கேள்வி கேட்டால் அவர்கள் மூன்று கேட்டார்கள். சமையல் வருமா, குலத்தில் எந்தக் கூட்டம், அம்மாவுக்குப் பிறந்த ஊர் எது, கண்ணாடி எப்போதிருந்து போடுகிறாய். ஒரு வீட்டு அம்மா, புதிதாகப் போட்ட அடிபம்பைக் காட்டுகிறேன் என்று என்னைக் கொல்லைவரைக்கும் நடக்கவிட்டுப் பார்த்தார். நானோ, அடடா, என்ன ஒத்துழைப்பு என்று பூரித்துப்போனேன். பெரிய விவசாயிகள் நன்றாகப் பதில் சொல்கிறார்கள் என்று மேடத்திடம் பெருமையடித்துக்கொள்ள வேறு செய்தேன். என்னைப்போல ஒரு மக்கு உண்டா?

விடுதிக்குத் திரும்பி அட்டவணை போட்டேன். நிலத்தின் சராசரி எங்கேயோ உயரத்தில் நின்றது. நான் கண்ணால் பார்த்த ஊருக்கும் அந்தச் சராசரிக்கும் ஒட்டவே இல்லை. எது இழுக்கிறது என்று தேடியதில் ஆறு வீடுகள் அகப்பட்டன. காபி கொடுத்த வீடுகள். அந்த ஆறையும் தனியே எடுத்து வைத்து மற்ற பதில்களையும் பார்த்தேன். ஒவ்வொரு வீட்டிலும் இருபத்தைந்தை ஒட்டிய வயதில் ஒரு மகன், கல்யாணம் ஆகாதவன். ஆறிலும். தற்செயலாக இப்படி அமைய எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட எனக்குத் தெரியும். போடவில்லை, பென்சிலைக் கீழே வைத்தேன். கிணற்றின் ஆழம் என்ன என்று நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது, அவர்கள் என்னை எடை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அந்த வாரமே பஸ் ஏறி ஊருக்குப் போனேன். அண்ணன் கிணற்று மேட்டில் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தான். சீட்டில் விழாத வீட்டுக்கெல்லாம் என்னைப் பெண் காட்டக் கூட்டிப்போனாயா என்று நேராகக் கேட்டேன். அவன் பொய் சொல்லவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

"பின்னே? அப்பா ஒவ்வொருத்தரா ஊட்டுக்கு வரச்சொல்லியிருப்பாரு. காபித் தட்டத்தோட நீ வந்து நின்னிருப்பியா அம்முணி? உனக்கு ஒரு சங்கடமும் இல்லாம முடிச்சு வெச்சேனா இல்லியா?"

நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்கிறவன் முகம் அது. சீட்டில் நிஜமாக விழுந்த அந்த ஆறு வீடுகள் எவை என்று கேட்டேன். அவனுக்கு ஞாபகமே இல்லை. சரி, எம்.எஸ்ஸி.க்கு அப்பாவிடம் பேசினாயா என்றேன். பேசினானாம். அவ்வளவு படித்தவளுக்கு எங்கே போய் மாப்பிள்ளை தேடுவது என்று அப்பா கேட்டாராம். அதுவும் நியாயமாகத்தான் பட்டதாம் இவனுக்கு. அடுப்படிக்குப் போய் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தலை நிமிரவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, பென்சில் பிடித்துக்கொண்டு அலைந்த எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

மேடத்திடம் சொன்னேன். அட்டவணையை வாங்கிப் பார்த்துவிட்டு, அந்த ஆறை நீக்கிவிட்டு மிச்சத்தை வைத்து எழுது, குறைந்ததைக் குறைந்தது என்றே சொல் என்றார். அப்படியே எழுதினேன். வகுப்பில் எனக்குத்தான் நல்ல மார்க். இடம் கிடைத்துவிடும் என்று மேடம் நம்பிக்கையாகச் சொன்ன வாரத்தில், அடிபம்பு வீட்டிலிருந்து தேங்காய் பழத்தோடு வந்தார்கள். நான் மாட்டேன் என்று அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன். மாப்பிள்ளை வீட்டிலேயே மேலே படிக்க வைக்கிறார்களாம் என்றார் அப்பா. கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பேச்சை ஒருத்தரும் எடுக்கவில்லை என்று தனியாக வேறு சொல்ல வேண்டுமா?

முகூர்த்தம் முடிந்து எல்லோரும் பந்திக்குக் கிளம்புகிற நேரம். என்னைப் பார்க்க வந்த சொந்தக்காரப் பெண்கள், எங்கே பிடித்தீர்கள் இந்தப் பெண்ணை என்று கேட்டதற்கு, என் மாமியார் வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்.

"நாங்க எங்கீங்க தேடினோம்? நோட்டும் பென்சிலுமா அவளே எங்க ஊட்டத் தேடி வந்துட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். மாலையின் கனத்தில் கழுத்தைத் திருப்ப முடியாமல் திருப்பி அண்ணனைப் பார்த்தேன். சந்தனக் கிண்ணத்தோடு என் பக்கத்தில்தான் நின்றிருந்தான். இல்லை, நான்தான் கூட்டி வந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் எனக்கு. படிப்புப் போனது போகட்டும், இதையாவது சொல்வான் என்று நினைத்தேன்.

என் கண்ணைப் பார்த்தான். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, "ஆமாங்க" என்றான்.