அரைக்கு விடை தேடிய புனிதா

ஈப்போ ஆஸ்பத்திரியில் மலாய் அறிவிப்புப் பலகை முன்னால் நான் திகைத்து நின்றேன். பக்கத்தில் வந்து நின்ற ஒருத்தி, தனக்கே படித்துக்கொள்வதுபோல் அதைத் தமிழில் முணுமுணுத்தாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள்தான் புனிதா. அம்மன் அவளை நல்லா வைத்திருக்கட்டும்.

கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. நாற்பது வயதில் வீட்டிலிருந்தபடியே கணக்குப் பட்டம் படித்தாள். ஒரே பாடத்தில் இரண்டு முறை தோற்றிருந்தாள். இன்னொரு முறை தோற்றால் படிப்பே போய்விடும். மனம் ஒப்பாததை அவள் எழுத மாட்டாள், அதுதான் சங்கடம்.

ஒருநாள் கோயிலில் அர்ச்சனைக்கு நிற்கும்போது ஆரம்பித்தாள். "மூணு பேரு வரிசையா நிக்க ஆறு வழிக்கா. நாலாவது ஆளு வந்தா ஆறை நாலால பெருக்கு, இருபத்துநாலு. இதுதான் ஃபேக்டோரியல். காமான்னு ஒரு கணக்கு விதி இருக்கு, முழு எண்ணுக்கு மட்டுமில்ல, அது அரைக்கும் விடை சொல்லுது. அரை ஆளு எப்படிக்கா வரிசையில நிக்கும்?"

"எங்க வீட்டுக்காரரு நிக்கிற மாதிரிதான்லா. ஒடம்பு கோயில்ல, மனசு கோப்பிக்கடையில."

அவள் சிரிக்கவில்லை. ஒரு கையில் அர்ச்சனைத் தட்டு. மறுகை விரல் புடவையில் எதையோ எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தது.

பரீட்சைக்கு முந்தின வாரம் ஆடித் திருவிழா. கோப்பெங் பக்கத்து எங்கள் பழைய ரப்பர் தோட்டத்தில் கோயில் மட்டும்தான் மிச்சம். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்து, எண்ணெய்க்குச் செம்பனை நட்டு வெகுகாலமாயிற்று. ஆனாலும் பால்குடம் லயத்து வீட்டு வரிசைப்படிதான் புறப்படும். சீனி அண்ணனின் புது மருமகள் தெரியாமல் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"ஏம்மா, அது மூணாவது வீட்டு எடம்! ஒங்க வீடு கடைசி!" என்று மங்களம் அக்கா கத்தினார்.

"எந்த வீடு அத்தே? வெறும் செம்பனைதானே நிக்குது?"

"வீடு இல்லாட்டி என்னாலா? மொறை இருக்குல்ல!"

எங்கள் வீட்டு இடத்தில் என்னோடு குடமெடுத்து வந்த புனிதா அப்படியே நின்றாள். பின்னால் வந்தவர் இடித்துப் பால் தளும்பியது.

"அக்கா, நான் ஆளையே எண்ணிக்கிட்டு இருந்திருக்கேன். அரையில ஆளே கெடையாது. மொறைதான் இருக்கு. ஒண்ணு கூடுனா, கூடுன எண்ணால பெருக்கணும். அரையோட விடையை ஒண்ணரையால பெருக்குனா ஒண்ணரையோட விடை. விடைங்களைப் புள்ளியா வெச்சா, நடுவுல கோடு ஒடியாம வளைஞ்சு போகணும். அதுதான் காமா!"

"சரி நட, பால் சிந்துது" என்றேன்.

இந்தத் தடவை எழுதினாள், தேறினாள். தைப்பிங்கில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. வழியனுப்ப பஸ் நிலையம் போனேன். அவளை நான் கடைசியாகப் பார்த்தது அங்கேதான்.

"இனிமே நிம்மதிதானே?" என்று கேட்டேன்.

பஸ் படியேறியவள் இறங்கி வந்துவிட்டாள்.

"எங்கக்கா நிம்மதி? அரைக்கு வந்த விடை, பைங்கிற எண்ணோட வர்க்கமூலத்துல பாதி. பை வட்டத்தோட எண்ணுக்கா. வரிசையில நின்னவங்களுக்கு நடுவுல வட்டம் எப்படி வந்துச்சு? அது தெரியாம எனக்குத் தூக்கம் வராது. வாரேங்கா."