ரிஸ்னா விட்டு வைத்த வெற்றுக் கட்டம்

செய்தி வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. காலையில் இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் உயிர் போயிருக்கிறது. நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு மையவாடியில் அடக்கம். பிற்பகலில்தான் ரிஸ்னாவின் தம்பியின் குறுஞ்செய்தி எனக்குக் கிடைத்தது: "ரிஸ்னா ராத்தா மௌத்தாகிட்டாங்க. டெங்கு." நான் கொழும்பில் ஒரு பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். இறங்கவில்லை. இறங்கி எங்கே போவது?

அவரோடு வேலை செய்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல முடியும். மாணிக்கக்கல் கடைக்கு மேலே இரண்டு அறைகள், நான்கு கணினிகள். தோட்டங்களுக்கு மென்பொருள் செய்துகொடுக்கும் அலுவலகம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனால் வேலையில் சேர்ந்தது என்னவோ ஒரே மாதத்தில்தான். என் பிழைகளை முதலில் கண்டுபிடிப்பவர் அவர் என்பதால், நீண்ட நாள் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

போர் முடிவதற்கு முந்திய ஆண்டு அவர் ஒரு நிரல் எழுதினார். நாங்கள் கொடுத்த மென்பொருளில் பாதுகாப்புக் குறை ஏதும் தெரியவந்தால், அதைக் கட்டம் கட்டமாகப் பதிவதற்கு. என்ன கண்டோம். எங்கே. மறுபடி செய்து பார்க்கும் வழி. சான்று. யாருக்குப் பாதிப்பு. எதனால் வந்தது. ஒரு கட்டம் வெறுமையாக இருந்தாலும் பதிவு சேமிக்கப்படாது.

"எதுக்கு இத்தனை கட்டம்? ஒரு பக்கம் எழுதினா புரியாதா?" என்றேன்.

"நீங்க கம்பஸ்ல படிச்ச ஆள். அழகா எழுதுவீங்க. அழகா எழுதினா ஓட்டை தெரியாது. கதை எழுதணும்னா பேப்பருக்கு அனுப்புங்க சிவா."

"தெரியாது" என்று எழுதவும் அவருடைய நிரல் இடம் கொடுத்தது. ஆனால் அதை எழுதியவுடன் இன்னொரு கட்டம் திறக்கும்: யாரிடம் கேட்டீர்கள்? "கேக்காம தெரியாதுன்னு சொல்றது சோம்பேறித்தனம்" என்பார். அதைப் பார்த்தும் சிரித்தேன்.

பிறகு கலவானைப் பக்கத் தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தது.

அந்தத் தோட்டத்தின் குடியிருப்போர் பட்டியல் எங்கள் மென்பொருளில் இருந்தது. அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் தோட்டத்துக் கடிதம். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையோடு அதையும் காட்ட வேண்டும். இப்போது பட்டியலில் மூன்று புதிய பெயர்கள். யாரும் அறியாத மூன்று பெண்கள். சேர்த்தது யார் என்று கணினியைக் கேட்டால், மூன்று முறையும் ஒரே பெயரைச் சொன்னது: செல்வம். அலுவலகக் கிளாக்கர். மாலை நாலு மணிக்குப் பொலிஸ் வரும். கணினி பிழையாகச் சொல்ல முடியுமா? அதற்குள் பதில் எழுத்தில் வேண்டும் என்றார் தோட்டத்துத் துரை, முகாமையாளர்.

அந்தக் காலத்தில் தோட்டத்துத் தமிழன் ஒருவன், தெரியாத மூன்று பேருக்கு இடம் கொடுத்தான் என்று ஜீப்பில் ஏறினால் எப்போது திரும்புவான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நானும் ரிஸ்னாவும் போய்ச் சேர்ந்தபோது செல்வம் அண்ணன் தோட்ட அலுவலக வாசல் பெஞ்சில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"தம்பி, நீங்களே சொல்லுங்க தொரைகிட்ட. நீங்கதானே இத வச்சுக் குடுத்தீங்க. நான் சேக்கல தம்பி. எங்க அம்மா மேல சத்தியமா சேக்கல."

நான்தான் வைத்துக் கொடுத்தேன். எட்டு மாதங்களுக்கு முன்பு. அலுவலகத்தில் நாலு பேருக்கும் தனித்தனிக் கணக்கும் பாஸ்வேர்ட்டும் கொடுத்திருக்க வேண்டும். அன்று மற்ற மூவரும் கொழுந்து நிறுக்கப் போயிருந்தார்கள். எனக்கு மூன்று மணி பஸ். செல்வத்தின் பெயரில் ஒரு கணக்கு மட்டும் திறந்து, பாஸ்வேர்ட்டை ஒரு துண்டில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டு, நாலு கணக்கும் கொடுத்தாயிற்று என்று கையெழுத்திட்டேன். அன்றிலிருந்து அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் கணினிக்கு அவர் செல்வம்தான்.

ரிஸ்னா மடிக்கணினியைத் திறந்தார். காவல்காரரை அழைத்து நாற்காலியில் உட்கார வைத்து, "ஏதாவது ஒரு பேரு அடிங்க" என்றார்.

"என்ன பேரு மிஸ்?"

"உங்க மாமியா பேரு."

"அந்தக் கெழவி இதுக்குள்ள வேறயா?" என்றபடி அவர் ஒற்றை விரலால் அடித்தார். சேர்த்தவர்: செல்வம். ரிஸ்னா சிரிக்கவில்லை. அதை அச்செடுத்தார். பெயரை அழித்தார். கட்டங்களை நிரப்பிக்கொண்டே வந்தார். கடைசிக் கட்டத்தில் கை நின்றது. எதனால் வந்தது?

மணி மூன்று இருபது. அவர் பையிலிருந்து ஒரு தாளின் முனை தெரிந்தது. எட்டு மாதங்களுக்கு முன்பு நான் கையெழுத்திட்ட தாள். எங்கள் அலுவலகக் கோப்பிலிருந்து எடுத்து வந்திருந்தார்.

"இது நீங்க நிரப்புங்க" என்று மடிக்கணினியை என் பக்கம் திருப்பிவிட்டு வெளியே போனார்.

"தெரியாது" என்று அடித்தேன். கட்டம் திறந்தது: யாரிடம் கேட்டீர்கள்?

அழித்தேன். மறுபடி அடித்தேன். மறுபடி திறந்தது. என் அடையாள அட்டையிலும் தமிழ்ப் பெயர்தான். ஓட்டை வைத்துக் கொடுத்தவனும் தமிழன், உள்ளே இருந்தவனும் தமிழன் என்று பொலிஸ் கோத்துவிட எவ்வளவு நேரமாகும். ஜன்னல் வழியே செல்வம் அண்ணனின் முதுகு தெரிந்தது. சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

நிரப்பினேன். என் முழுப் பெயரோடு. மணி மூன்று முப்பத்தெட்டு.

முகாமையாளர் அச்சுத் தாளை இரண்டு முறை வாசித்தார். சிங்களத்தில் கேட்டார்: "நீயா?" ஆம் என்றேன். அப்புறம்தான் அவர், அந்த நாற்காலியில் உட்காரும் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்டார். தோட்டத்து மருத்துவிச்சியும் வந்தார்.

"நான்தான் ஐயா போட்டேன். மூணும் நம்ம லயத்து மருமகளுங்க. அரநாயக்கப் பக்கமிருந்து கட்டிட்டு வந்ததுங்க. மூணும் புள்ளத்தாச்சி. கிளினிக்குக்குப் போக லெட்டர் வேணும்ல?"

"ஏன் இவ்வளவு நேரம் சொல்லல?"

"யாரு கேட்டா? கம்ப்யூட்டரே செல்வம்னு சொல்லிருச்சாமே."

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவர்களை 'முனியாண்டி வீட்டுப் புதுப்பொண்ணு' என்பதுபோலத்தான் கூப்பிடுவார்கள். அடையாள அட்டையில் இருந்த பெயர் மாமியாருக்கே தெரியாது.

நாலு மணிக்கு ஜீப் வந்தது. செல்வம் அண்ணன் ஏறவில்லை. என் அட்டையை வாங்கி விபரம் எழுதிக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் நான் ஸ்டேஷனில் கையெழுத்திட்டேன். இரண்டு தடவையும் ரிஸ்னா வாசலில் நின்றிருந்தார், அவருடைய வாப்பாவையும் கூட்டிக்கொண்டு.

அன்று தோட்டத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் கேட்டேன்: "நான் நிரப்பாம விட்டிருந்தா?"

"நாலு மணிக்கு நானே உங்க பேர டைப் பண்ணியிருப்பேன்" என்றார். முகத்தைத் திருப்பவில்லை. "அதுவரைக்கும் அது உங்க கட்டம்."

இரக்கம் என்று யாராவது அவரைப் பற்றிச் சொன்னால் எனக்கு உறுத்தும். அவர் எனக்குத் தந்தது நாற்பது நிமிடம், அவ்வளவுதான். அதைத்தான் அவரிடமிருந்து வைத்திருக்கிறேன். வெளியே ஒருவர் பெஞ்சில் காத்திருக்க, அதில் பதினெட்டு நிமிடத்தை நான் எடுத்துக்கொண்டேன் என்பதையும் சேர்த்து.