படகுக்குள் வந்த மணவறை

என் கல்யாண மணவறைக்குப் பின்னால் நானே கார் ஓட்டிக்கொண்டு போனேன். அதைச் சொன்னாலே ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். மணவறை ஒரு படகுக்குள் இருந்தது என்று சேர்த்துச் சொன்னால், கதை விடுகிறேன் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஆக்லாந்தில் வாடகைக்கு மணவறை கொடுப்பவர் எவரும் எங்களுக்குத் தெரிந்து இல்லை. ஆகவே அண்ணா தானே செய்தான். ஹென்டர்சனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கராஜ் மாதக்கணக்காக வெள்ளைத் தூளாகக் கிடந்தது. அண்ணா அதை ரெஜிபோம் என்றான். நான் கட்டப்போகிறவர் மதுரைக்காரர், அவர் தெர்மோகோல் என்றார். எந்தப் பெயரில் சொன்னாலும் ஊதினால் பறக்கிற சாமான்தான். அதில் தூண்கள், தாமரை இதழ்கள், நடுவில் கோபுரம் மாதிரி உயர்ந்த ஒரு முடி எல்லாம் வெட்டி, தங்கநிறம் பூசியிருந்தான். வேலை முடிந்து வந்து சாப்பிடாமல்கூட அதற்கு முன்னால் போய் நிற்பான்.

அவன் அப்படி நின்றதற்குக் காரணம் இருந்தது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் விசா கிடைக்கவில்லை. கொழும்புவரை வந்து, சொந்தக்காரர் வீட்டில் டெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். "நாங்கள் இல்லை எண்டு ஒண்டும் குறையக்கூடாது, தம்பி. முறை தவறாமல் செய்து முடி," என்று அம்மா அவனிடம் சொல்லியிருந்தார். கல்யாணம் முடிந்ததும் கொழும்புக்கு டெலிபோன் எடுத்து, ஒன்றும் குறையவில்லை என்று சொல்ல வேண்டும். அண்ணாவுக்கு வேறு எந்த ஆசையும் இருக்கவில்லை.

மண்டபம் பக்குரங்காவில். ஹென்டர்சனிலிருந்து நகரத்தைக் குறுக்கறுத்துப் போக வேண்டும். திறந்த ட்ரெய்லர் எடுக்கலாம்தான், ஆனால் ஆக்லாந்து மழையை நம்பி யார் ரெஜிபோம் ஏற்றுவார்கள்? அப்போதுதான் மாப்பிள்ளையின் படகு ஞாபகம் வந்தது. நாட்டைவிட்டுப் போன ஒரு பக்கத்து வீட்டுக்காரரிடம் அந்த அலுமினியப் படகை வாங்கியிருந்தார். வீட்டில் கட்டில் வாங்குவதற்கு முன்னால் படகு வாங்கிய மனிதர் அவர். கடலில் இறக்கிய ஒவ்வொரு முறையும் வாந்தி எடுத்தார் என்பது வேறு கதை. படகுக்கு ட்ரெய்லர் இருந்தது, கன்வாஸ் உறை இருந்தது, இழுக்க அவருடைய ஸ்டேஷன் வாகன் இருந்தது.

இதில் ஒரு சிக்கல். அந்த வாரம்தான் பொன்னுருக்கு முடிந்திருந்தது. தாலிக்குப் பொன் உருக்கிய பிறகு, தாலி கட்டும்வரை மாப்பிள்ளையும் பெண்ணும் முகம் பார்க்கக்கூடாது. மதுரைக்காரருக்கு இது புதிது. "அப்படியெல்லாம் எங்க பக்கம் இல்லையே, மச்சான்," என்று மெல்ல முனகிப் பார்த்தார். அண்ணா அசையவில்லை. ஆனால் படகை இழுக்கிறவருக்குக் கண்ணாடியில் உறையின் முன்பக்கம் மட்டும்தான் தெரியும். பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க இன்னொரு கார் வேண்டும். கல்யாணத்துக்கு முதல்நாளான அந்தச் சனிக்கிழமை தெரிந்தவர்கள் எல்லோருக்கும் வேலை, அண்ணாவிடம் லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் வைத்திருந்து வீட்டில் சும்மா இருந்தது மணப்பெண் மட்டும்தான்.

"நான் படகைத்தானே பாக்கப்போறன், அவரை இல்லையே," என்றேன்.

அண்ணா கனநேரம் யோசித்தான். மணவறையின் முடியை நிமிர்த்தி வைத்திருந்ததால் உறை நடுவில் கூடாரம் போல உயர்ந்து நின்றது. அதற்கு அந்தப் பக்கம் யானை நின்றாலும் தெரியாது. "சரி, ஆனால் காரை விட்டு இறங்கப்படாது," என்றான். மாப்பிள்ளை வந்து படகை வாகனோடு கொளுவும்வரை என்னைக் குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தான். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அதற்கு முன்பே நான் ஒரு வேலை செய்திருந்தேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு எதையும் கிண்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. ஓடுகிற படகின்மேல் காற்று எந்த வழியாகப் போகும்? மண்டப அலங்காரத்துக்கு வாங்கிய சிவப்பு ரிப்பனைத் துண்டு துண்டாக வெட்டி, உறையின் ஓரம் முழுவதும் கட்டிவிட்டேன். அழகுக்காக என்று அண்ணா நினைத்துக்கொண்டான். நானும் திருத்தவில்லை.

மோட்டர்வேயில் ஏறி வேகம் பிடித்ததும் என் கண் ரிப்பனை விட்டு அகலவில்லை. முன்னாலிருந்துதான் காற்று வந்து தூக்கும் என்று அண்ணா படகின் மூக்குப் பக்கம் கயிற்றுக்கு மேல் கயிறு போட்டிருந்தான். பாதை வளையும்போது அந்தப் பக்கத்து ரிப்பன்களைப் பார்த்தேன். அவை பெரிதாக ஆடவே இல்லை, வாகனின் மறைவில் சோம்பலாகத் தொங்கின. பின்பக்கத்து ரிப்பன்களோ என்னை நோக்கிப் பறக்க வேண்டியவை. அவை எதிர்ப்பக்கம் திரும்பி, படகுக்குள் புகப் பார்த்தன! எனக்கு ஒரே சந்தோஷம். கடந்து போகிற காற்று படகின் முதுகில் சுழன்று, திரும்பி வந்து, பின்வாசலால் உள்ளே நுழைகிறது. முடி நசுங்கிவிடும் என்ற பயத்தில் அண்ணா பின்பக்கத்தைத்தான் தளரக் கட்டியிருந்தான்.

சந்தோஷம் நீடிக்கவில்லை. உறை மூச்சு இழுப்பது போலப் பொங்கியது, தணிந்தது, மறுபடியும் பொங்கியது. ஒரு கொக்கி கழன்றது. அடுத்த கணம் தங்கநிறத்தில் ஏதோ பறந்து வந்து என் கண்ணாடியில் அடித்து, துடைப்பானில் மாட்டிக்கொண்டது. தாமரை இதழ். எத்தனை இரவு உட்கார்ந்து வெட்டியது அது. லைட்டை விட்டு விட்டுப் போட்டேன், ஹோர்னை அடித்தேன். வாகன் வேகத்தைக் குறைத்து, மோட்டர்வேயை விட்டு எல்லர்ஸ்லியில் இறங்கியது. என் ஒஃபிஸ் இருந்த தெரு எனக்குத் தெரிந்த இடம். முந்திப் போய், சனிக்கிழமை ஆளில்லாத கார் பார்க்குக்குள் திருப்பினேன். அவர்கள் பின்னால் வந்தார்கள். சொன்ன சொல்லுக்காகக் காரை விட்டு இறங்காமல், வாகன் பக்கம் திரும்பாமல் இருந்தேன்.

அண்ணா வாகனிலிருந்து இறங்கி ஓடி வந்தான். இதழைப் பார்த்ததும் முகம் செத்துப்போனது. "முன்னுக்கு இன்னும் ரெண்டு கயிறு போடுறன்," என்றான்.

"முன்னுக்கு இல்லை அண்ணா. காத்து பின்னாலதான் உள்ளுக்குப் போகுது. முடியைக் கழட்டிப் படுக்க வை, உறை பதிஞ்சு கிடக்கும். பிறகு பின்பக்கத்தை இழுத்து, படகுக்கு அடியால பட்டி போட்டு இறுக்க வேணும்."

"உனக்கு என்னெண்டு தெரியும்?"

"ரிப்பன் காட்டினது."

அவன் ரிப்பனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். தூறல் தொடங்கியிருந்தது. உறையைக் கழற்றினால் பூச்சு போய்விடும். உள்ளே எந்த ஆணி எங்கே என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். பட்டியை அடியால் விட்டு இழுக்க, இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். அண்ணா பெருமூச்சு விட்டு, பின்பக்கத்தால் உறைக்குள் தவழ்ந்து போனான். சற்றுப் பொறுத்து உள்ளே இருந்து குரல் வந்தது.

"ஆர் அந்தப் பக்கம் நிக்கிறது?"

"நான்தான், மச்சான்."

"இந்தப் பக்கம்?"

"நான், அண்ணா," என்றேன் காரை விட்டு இறங்கி. "படகு நடுவிலை நிக்குது."

உள்ளே ஒரு ஆணி விழுந்து உருளுவது கேட்டது. பிறகு, "ரெண்டு பேரும் குனிஞ்சே நில்லுங்கோ," என்றான்.

குனிந்தே நின்றோம். ட்ரெய்லருக்குக் கீழே ஒரு சப்பாத்துச் சோடியும் பட்டியை நீட்டுகிற ஒரு கையும் தெரிந்தன. கையில் ரெஜிபோம் தூள். இவரும் கராஜுக்கு வந்து வேலை செய்திருக்கிறார், நான் இல்லாத நேரமாகப் பார்த்து. எனக்கு யாரும் சொல்லவில்லை. பட்டியை வாங்கும்போது விரல் பட்டது. "நல்லா இழுங்க," என்றார் கிசுகிசுப்பாக. இழுக்க வேண்டுமென்றால் நிமிர வேண்டும். நிமிர்ந்தோம்.

அந்த நேரம் பார்த்து அண்ணா முடியைக் கழற்றிப் படுக்க வைத்தான். கூடாரம் போல நின்ற கன்வாஸ் மெல்லச் சரிந்து, எங்கள் நெஞ்சுக்குக் கீழே போய்ப் படிந்தது. எதிரே அவருடைய முகம். மழையில் நனைந்து, மூக்கில் ஒரு வெள்ளைப் பொட்டுத் தூளோடு. சிரிக்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. நானும்தான். இந்த முகத்தோடுதான் இனி என் காலம் என்று நினைத்தபோது பயம் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். வரவில்லை.

"வெளியில வரட்டோ?" என்றான் அண்ணா.

"பொறு அண்ணா," என்றேன். "கொஞ்சம் இருங்க மச்சான்," என்றார் அவர். இரண்டும் ஒன்றாக வந்தன.

அண்ணா பொறுத்தான். ஒரு ஆணிக்கு அத்தனை நேரம் தேவையே இல்லை. கடைசியில் பெரிதாக இருமிவிட்டுத்தான் வெளியே வந்தான். அதற்குள் நான் காருக்குள் இருந்தேன். பின்பக்கத்தை அவர்கள் இருவரும் இறுக்கினார்கள். பக்குரங்கா போய்ச் சேரும்வரை உறை அசையவில்லை. ரிப்பன்கள் மட்டும் பின்னால் நின்று உள்ளே போக வழி தேடித் தோற்றன. இதழை அன்றைக்கே ஒட்டிவிட்டோம்.

மறுநாள் கல்யாணம் முடிந்து அண்ணா வீட்டிலிருந்து கொழும்புக்கு எடுத்தபோது நானும் ரிசீவரில் காது வைத்திருந்தேன்.

"மணவறை வடிவா இருந்ததோ?"

"ஓம் அம்மா."

"பொன்னுருக்குக்குப் பிறகு ரெண்டு பேரும் முகம் பாத்தவையோ?"

அண்ணா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். "நான் காணேல்லை, அம்மா."

மறுமுனையில் அம்மா சிரிப்பது கேட்டது. விசா இல்லை என்று ஆனதற்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது. "நல்லது தம்பி. அப்ப ஒண்டும் குறையேல்லை," என்றார்.

அண்ணா ரிசீவரை என்னிடம் தந்துவிட்டுக் கராஜுக்குப் போனான். அங்கே அவனுக்கு வேலை ஒன்றும் இருக்கவில்லை.